வெகுளி என்கிற பாராட்டு

கிராமத்திலிருந்து எழுத வருகிற ஒருவரின் முதல் தொகுப்புக்கு மதிப்புரை எழுதுகிறவர், மூன்றாவது பத்திக்குள் எப்படியும் ‘வெகுளித்தனம்’ என்ற வார்த்தையைக் கொண்டுவந்துவிடுகிறார். ‘வெகுளியான நடை’, ‘வெகுளித்தனம் மாறாத பார்வை’, ‘வெள்ளந்தி மனிதர்களின் உலகம்.’ நல்லெண்ணத்தோடுதான் எழுதுகிறார். புத்தகம் அவருக்குப் பிடித்தும் இருக்கிறது. ஆனால் அதே மதிப்புரைக்காரர், ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு நகரத்தில் இருந்து எழுதுகிற ஒருவரின் தொகுப்புக்கு இந்த வார்த்தையை எடுப்பதில்லை. அங்கே ‘செறிவு’, ‘பிரக்ஞை’, ‘வடிவ போதம்’ எல்லாம் வருகின்றன. ஒருவருக்குப் பிரக்ஞை, இன்னொருவருக்கு வெகுளி. இந்தப் பங்கீடு எந்த அடிப்படையில் நடக்கிறது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

எனக்கு இந்த வார்த்தை மேல் சந்தேகம் வந்ததற்கு முதல் காரணம் அதன் இலக்கணம். தன்மையில் அது வழங்குவதில்லை. ‘அவன் ஒரு வெகுளி’ என்கிறோம். ‘அது வெகுளிப் பொண்ணு’ என்கிறோம். முன்னிலையில் கொஞ்சம் தயக்கத்தோடு, செல்லமாகவோ கடிந்தோ, ‘நீ ஒரு வெகுளிடா’ என்று சொல்லலாம். ‘நான் ஒரு வெகுளி’ என்று ஒருவன் சொன்னால் அந்தக் கணமே அவன் வெகுளி இல்லை. பக்கத்தில் உள்ள மற்ற வார்த்தைகள் இப்படி இல்லை. ‘நான் அப்பாவி’ என்று போலீஸ் ஸ்டேஷனில் சொல்லலாம், சொல்கிறார்கள்; அது நிஜமாகவும் இருக்கலாம். அப்பாவி என்பது ஒரு குற்றத்தை ஒட்டி ஒருவன் நிற்கும் இடம். அதனால்தான் பத்திரிகைகள் ‘அப்பாவிகள் பலி’ என்று எழுத முடிகிறது. எந்தப் பத்திரிகையும் ‘வெகுளிகள் பலி’ என்று எழுதாது. ‘நான் அசடு மாதிரி நின்னேன்’ என்றும் தாராளமாகச் சொல்லிக்கொள்கிறோம். வெகுளி ஒன்றுதான் பிறத்தியார் வாயிலிருந்து மட்டுமே பிறக்க வேண்டியிருக்கிறது. சொல்கிறவனுக்குத் தெரியும், சொல்லப்படுகிறவனுக்குத் தெரியாது என்ற ஏற்பாடு இல்லாமல் அதை உபயோகிக்க வழியில்லை. ஆகவே ஒரு எழுத்தை வெகுளி என்று சொல்லும்போது அந்த எழுத்தைப் பற்றி ஒரு தகவலும் கிடைப்பதில்லை. சொல்கிறவர் எந்த உயரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார் என்ற தகவல் கிடைக்கிறது.

எம்ப்சன் 1951இல் வெளிவந்த ‘சிக்கலான வார்த்தைகளின் அமைப்பு’ என்ற புத்தகத்தில் ஒதெல்லோ நாடகத்தில் ‘ஹானஸ்ட்’ என்ற வார்த்தை என்ன பாடுபடுகிறது என்று பார்க்கிறார். அந்த வார்த்தையும் அதன் பெயர்ச்சொல்லும் நாடகத்தில் 52 இடங்களில் வருகின்றன. அவற்றில் பல இயாகோவைக் குறித்து. நம் வகுப்பறைகளில் இதை நாடக முரண் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: எல்லாரும் நேர்மையானவன் என்று நம்புகிறவன் அயோக்கியன். எம்ப்சன் அங்கே நிற்பதில்லை. தனக்குக் கீழே இருக்கிறவனைத் தட்டிக்கொடுக்கும் தொனி அந்த வார்த்தையில் ஏறியிருந்ததைக் காட்டுகிறார். ‘நல்ல பையன்’ என்று வேலைக்காரனைச் சொல்வது போல. வார்த்தையின் அகராதி அர்த்தம் புகழ்ச்சி. அது போகிற திசை மேலிருந்து கீழ். நம் வெகுளியும் இப்படித்தான் போகிறது.

நான் வேலை பார்க்கிற கவுன்ட்டரில் இதை வருஷத்துக்கு நாலு தடவையாவது பார்க்கிறேன். மச்சினனுக்கோ பங்காளிக்கோ ஜாமீன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு ஒரு ஆள் ஊருக்குப் போய்விடுவார். கடன் வாங்கினவர் கட்டாமல் விட, இரண்டு மூன்று வருஷம் கழித்து நோட்டீஸ் இவருக்குப் போகும். நோட்டீஸைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார். ‘பாவம், வெகுளியான மனுஷன், எங்கே காட்டினாலும் கையெழுத்துப் போட்டுடுவார்’ என்பார்கள் உள்ளே. உண்மையான இரக்கம்தான். அடுத்த வாரம் அதே ஆள் திரும்ப வந்து, ‘அன்னிக்கு நீங்க யாராச்சும் எனக்குப் படிச்சுக் காமிச்சீங்களா?’ என்று சத்தம் போட்டால் வார்த்தை உடனே வாபஸ். இப்போது அவர் ‘வம்பு பிடிச்ச ஆள்.’ ஒரு வாரத்தில் அவர் குணம் மாறவில்லை. படிக்காமல் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான், படித்துக் காட்டவில்லை என்று கேட்கிறவரும் அவர்தான். கோபப்படாத வரைக்கும்தான் ஒருவன் வெகுளியாக இருக்கலாம் என்று ஒரு நிபந்தனை எங்கோ எழுதாமல் எழுதப்பட்டிருக்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், தமிழில் இந்த வார்த்தையின் பழைய அர்த்தமே கோபம்தான். தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக வெகுளி வருகிறது; நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம் எல்லாம் ஆன பிறகு, உவகைக்கு முன்னால். குறளில் 31ஆம் அதிகாரம் வெகுளாமை, கோபப்படாமை. இன்றைய காதோடு அந்தத் தலைப்பைப் படிக்கிற பையன், ஏமாளியாக இருக்காதே என்று வள்ளுவர் புத்தி சொல்வதாக எடுத்துக்கொண்டால் அவன் மேல் தப்பில்லை.

இந்த முரணைத் தமிழாசிரியர்கள் வகுப்பில் ஒரு வினோதமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு அது வினோதமாக மட்டும் படவில்லை. தொல்காப்பியம் வெகுளி பிறப்பதற்கு நான்கு களன்கள் சொல்கிறது: உறுப்பை அறுத்தல், குடியை நலிதல், வைதும் அடித்தும் அலைத்தல், கொல்லுதல். நான்கும் ஒருவனுக்கு இன்னொருவன் இழைக்கும் கொடுமைகள். பசி வந்த எரிச்சல் இல்லை, பொறாமை இல்லை, அகங்காரம் அடிபட்ட சீற்றம் கூட இல்லை. அநியாயம் நடந்த இடத்தில் பிறப்பது என்றுதான் அந்த இலக்கணக்காரர் வெகுளிக்கு ஜாதகம் எழுதியிருக்கிறார். ‘குடிகோள்’ என்று அவர் சொல்வதைப் பிறகு எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கோபம் எப்படிக் கள்ளமின்மை ஆயிற்று? இது மொழிநூல் இல்லை, வாசகனாக என் ஊகம். நீத்தார் பெருமையில் ஒரு குறள், குணத்தின் உச்சியில் நிற்கிறவர்களின் வெகுளி பற்றிப் பேசுகிறது. உரைகள் இரண்டு விதமாகப் போகின்றன. அவர்கள் கோபத்தை எதிரே நிற்கிறவன் ஒரு கணமும் தாங்க முடியாது என்று ஒன்று. அவர்களால் கோபத்தை ஒரு கணமும் தமக்குள் வைத்துக்கொள்ள முடியாது என்று இன்னொன்று. இரண்டாவதை எடுத்துக்கொண்டால் பாலம் தெரிகிறது. கோபத்தைச் சேமித்து வைக்க உள்ளே இடம் இல்லாதவன், வந்ததை வந்தபடி காட்டிவிடுகிறவன், மறுநிமிஷம் மறந்துவிடுகிறவன். அப்படிப்பட்டவனைத்தான் ஊர் வெகுளி என்று கூப்பிட ஆரம்பித்திருக்க வேண்டும். மறைக்கத் தெரியாதவன் என்ற பொருளில் முதலில் கோபத்தை மறைக்கத் தெரியாதவன். பிறகு எதையுமே மறைக்கத் தெரியாதவன். கடைசியில் எதுவுமே தெரியாதவன். மூன்றாவது படியில் வார்த்தை முழுக்க எதிராளி கைக்குப் போய்விட்டது.

பெண்களைக் குறித்த வார்த்தைகளுக்கு இந்த விதி இன்னும் சீக்கிரமாக நேர்ந்திருக்கிறது. பேதை என்றால் உலா நூல்களின் ஏழு பருவத்தில் முதல் பருவத்துச் சிறுமி. குறளின் 84ஆம் அதிகாரத்தில் பேதைமை என்றால் சுத்த முட்டாள்தனம். மடம் பெண்ணுக்கு அணிகலன். மடமை யாருக்கும் இழுக்கு. மடம் என்பதற்குப் பழைய உரைக்காரர்கள் தரும் விளக்கம் ஞாபகம் வருகிறது: கற்பித்ததைப் பற்றிக்கொண்டு, பற்றினதை விடாதிருப்பது. கற்பிக்கிறவன் யார் என்று கேட்டால் விஷயம் விளங்கிவிடும். இதைத் தனியாக யாராவது, முக்கியமாக ஒரு பெண், எழுத வேண்டும்.

என் விஷயத்துக்கு வருகிறேன். கி. ராஜநாராயணனின் ‘கதவு’ கதையை அநேகமாக எல்லாரும் படித்திருப்போம். அதைப் பற்றிப் பேசும்போது ‘குழந்தைகளின் வெகுளி உலகம்’ என்று பேசுவது வழக்கமாகிவிட்டது. கதையில் அப்படி ஒரு உலகம் இருக்கிறதுதான். பிள்ளைகள் வீட்டுக் கதவைப் பஸ்ஸாக்கி விளையாடுகிறார்கள், டிக்கெட் கொடுக்கிறார்கள், திருநெல்வேலி போய் வருகிறார்கள். கதவில் ஒட்ட ஒரு தீப்பெட்டிப் படம் கிடைத்தால் அது பெரிய சம்பத்து. தகப்பன் ஊரில் இல்லை, தாய் வேலைக்குப் போய்விடுகிறாள். தலையாரி ஆட்களோடு வருகிறான். தீர்வை பாக்கிக்காகக் கதவைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? நாயனம் ஊதுகிற மாதிரி கையை வாயில் வைத்துக்கொண்டு பின்னாலேயே ஊர்வலம் போகிறார்கள்.

வெகுளி என்று சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்றுதான் தோன்றும். தன் வீட்டு ஜப்தியைக் கல்யாண ஊர்வலமாக்கிக் கொண்டாடுகிற குழந்தைகள். ஆனால் இந்த நாயனம் கதையில் என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். ராஜநாராயணன் சர்க்காரை வையவில்லை. தலையாரியைக் கொடுங்கோலனாக்கவில்லை. தாயை ஒப்பாரி வைக்க விட்டு நம் கண்ணீரைப் பிடுங்கவில்லை. அந்தக் காலத்து முற்போக்குக் கதைகளில் இந்த இடத்தில் ஒருத்தர் எழுந்து நின்று இரண்டு பக்கம் பேசியிருப்பார். இங்கே பேச வேண்டிய எல்லாவற்றையும் ஒரு பையன் வாயால் ஊதும் பொய் நாயனம் எடுத்துக்கொண்டுவிடுகிறது. நாம் அதைக் கேட்கிறோம். அதன் அர்த்தம் பையனுக்குத் தெரியவில்லை, நமக்குத் தெரிகிறது. இந்த இடைவெளியில்தான் கோபம் பிறக்கிறது. பிறகு கதவில்லாத வீட்டில் வாடை புகுகிறது, கைக்குழந்தை சாகிறது. அப்போதும் ஆசிரியர் குரல் உயர்வதில்லை. கடைசியில் கேட்பாரற்றுக் கிடக்கிற தங்கள் கதவைக் கண்டுபிடித்து லட்சுமியும் சீனிவாசனும் தடவிப் பார்க்கிறார்கள், பற்றிக்கொள்கிறார்கள். அந்தப் பிடியைப் படிக்கும்போது அது இன்னும் விளையாட்டா, இல்லை விளையாட்டு முடிந்துபோயிற்றா என்று நமக்குச் சொல்லத் தெரிவதில்லை.

தொல்காப்பியரின் ‘குடிகோள்’ இதுதான். ஒரு குடியின் வாசலைக் கழற்றிக்கொண்டு போவதை விட அதற்கு நேரான உதாரணம் கிடைக்காது. ஆக இந்தக் கதையில் வெகுளியின் இரண்டு அர்த்தங்களும் இருக்கின்றன, ஒன்று குழந்தைகளிடம், ஒன்று கதையிடம். புது அர்த்தத்தில் மட்டும் கதையைப் படிக்கிறவர் பாதிக் கதையைத்தான் படித்திருக்கிறார். மீதிப் பாதியைப் படிக்காமலிருக்க அந்த வார்த்தையே அவருக்கு உதவியும் செய்கிறது. கதையின் வெகுளித்தனத்தைப் பாராட்டுவதன் மூலம் கதையின் வெகுளியிலிருந்து தப்பித்துக்கொள்கிறார்.

அதோடு விடுவதில்லை. குழந்தைகளுக்குச் சொன்னதை ஆசிரியருக்கும் சொல்லிவிடுகிறார்கள். ராஜநாராயணன் 2021இல் காலமானபோதும் ‘வெள்ளந்தி’ என்ற வார்த்தை கண்ணில் பட்டது. விவசாயிகள் போராட்டத்தில் சிறைக்குப் போனவர். கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி தொகுத்தவர். ஒரு ஜில்லாவின் பேச்சை வார்த்தை வார்த்தையாக எடுத்து, எந்த வார்த்தை எந்த வாயில் என்ன அர்த்தம் கொள்கிறது என்று கணக்கு வைத்துக்கொண்டிருந்த மனிதர். அகராதி போடுகிறவனைப் போய் வெள்ளந்தி என்பதா? பேச்சு போலவே தெரிகிற நடை பேச்சிலிருந்து தானாக ஒழுகி வந்தது என்று நினைப்பவர்கள், பேசுவது போல ஒரு பக்கம் எழுதிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மேல்நாட்டிலும் இந்தக் குழப்பம் உண்டு என்பதால் நமக்கு ஆறுதல் ஒன்றுமில்லை. ஆனால் அங்கே ஒருவர் இதைத் தீர்க்கமாக யோசித்திருக்கிறார். ஷில்லர் 1795-96இல் எழுதிய ‘நாயிவ்’ கவிகளும் ‘சென்டிமென்டல்’ கவிகளும் பற்றிய கட்டுரையைச் சொல்கிறேன். பெரும்பாலும் அதை இயற்கைக் கவி, செயற்கைக் கவி என்று சுருக்கிச் சொல்லிவிடுகிறார்கள். அதில் எனக்கு முக்கியமாகப் படுகிற இடம் வேறு. நாயிவ் என்பது குழந்தைத்தன்மைதான், ஆனால் அதை எதிர்பார்க்காத இடத்தில் காணும்போது. ஆகவே கண்டிப்பாகப் பார்த்தால் நிஜமான குழந்தைக்கு அந்த வார்த்தை பொருந்தாது என்கிறார். பார்க்கிறவன் இயற்கையை இழந்தவனாக இருக்க வேண்டும், அப்போதுதான் எதிரே இருப்பது நாயிவாகத் தெரியும். அதாவது அந்தக் குணம் பார்வையில் இருக்கிறது. கோதேயைப் பார்த்துத் தன்னை அளந்துகொண்டிருந்த ஒருவர் இதை எழுதினார் என்பதும் நினைவிருக்க வேண்டும். அவர் மேலிருந்து கீழே பார்த்து எழுதவில்லை. அந்தப் பிரெஞ்சு வார்த்தையின் மூலம் பிறப்போடு வந்தது என்று பொருள்படும் லத்தீன் வார்த்தை. ‘நேட்டிவ்’ என்று வெள்ளைக்காரன் நம்மைச் சொன்னானே, அதற்கும் அதுதான் மூலம். இந்த உறவு தற்செயலானதாக எனக்குப் படவில்லை.

பிளேக்கை எடுத்துக்கொள்ளலாம். கள்ளமின்மையின் பாடல்கள் 1789இல் வந்தன. அதற்கு முந்தின வருஷம்தான் எட்டு வயசுக்குக் குறைந்த பையன்களைப் புகைபோக்கி துடைக்க வைத்துக்கொள்ளக் கூடாதென்று சட்டம் வந்திருந்தது. புகைபோக்கிப் பையன் பாட்டில், தாய் செத்து, தகப்பன் விற்றுவிட்ட ஒரு பையன், மொட்டையடிக்கப்பட்டு அழுகிற இன்னொரு பையனைத் தேற்றுகிறான். அவன் சொல்லும் ஆறுதல், முடிவில் அவன் வந்து சேரும் நீதி, எல்லாம் அவனுக்குப் பெரியவர்கள் சொல்லிக் கொடுத்தவை. பையன் நம்புகிறான். பாட்டு நம்பவில்லை. ‘கதவு’ கதையில் நாயனம் செய்கிற அதே வேலை. 1794இல் அனுபவத்தின் பாடல்களைச் சேர்த்து அதே தலைப்பில் பிளேக் இன்னொரு பாட்டும் எழுதினார். அதில் வெளிப்படையாகவே குற்றம் சாட்டுகிறார். எனக்கு முதல் பாட்டுத்தான் கடுமையானது. இந்தப் பாடல்களை அவர் அச்சுக் கோத்து அடிக்கவில்லை. செப்புத் தகட்டில் தானே எழுதினார், எழுத்துக்களைக் கண்ணாடியில் தெரிவது போல் புரட்டி, வலமிருந்து இடமாக. கள்ளமின்மையை எழுத்து எழுத்தாகத் தலைகீழாக எழுதிய கை அது.

ஆக, விமர்சனத்தில் இந்த வார்த்தைக்கு ஒரு நியாயமான உபயோகம் இருக்கிறது. சொல்கிற குரலுக்குத் தெரிவதை விட எழுத்துக்கு அதிகம் தெரிகிற இடத்தில், அந்தக் குரலுக்குப் பெயராக வெகுளி என்று சொல்லலாம். அது ஒரு உத்தியின் பெயர். ஆசிரியரின் பெயர் இல்லை, ஆசிரியரின் ஊரின் பெயர் நிச்சயமாக இல்லை. எந்த இடைவெளியும் இல்லாமல், ஆசிரியருக்கும் குரலுக்கும் ஒரே அளவுதான் தெரியும் என்று இருக்கிற எழுத்துக்கள் உண்டு. அவற்றைப் பலவீனமான எழுத்து என்று சொல்லிவிட வேண்டியதுதான். நகரத்து ஆசாமி எழுதினால் அப்படித்தானே சொல்வோம்? அந்த மரியாதையைக் கிராமத்துக்காரருக்கு ஏன் மறுக்க வேண்டும்?

நம் விமர்சனத்தை விட நம் சினிமா இதில் தேவலை என்று சொன்னால் நண்பர்கள் சிலர் கோபித்துக்கொள்வார்கள். 1977இல் வந்த ‘16 வயதினிலே’ படத்தில் சப்பாணியை ஊரே வெகுளியாக்கி வைத்திருக்கிறது. எவனும் வேலை வாங்கலாம், எவனும் கேலி பண்ணலாம். கடைசியில் மயிலைக் காப்பாற்ற அவன் கல்லை எடுக்கிறான், பரட்டை சாகிறான். அந்தப் படத்தின் மற்ற மிகைகளைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. ஆனால் இந்த அமைப்பு, வார்த்தை மறந்துபோன பழைய அர்த்தத்தைக் கதைப்போக்கில் ஞாபகம் வைத்திருக்கிறது. அதற்குப் பிறகு எத்தனையோ படங்களில் அது வெறும் சூத்திரமாகிவிட்டது வேறு விஷயம்.

தாஸ்தாயெவ்ஸ்கியின் மிஷ்கின் நாவலை எம். ஏ. சுசீலா தமிழில் கொண்டுவந்தபோது ‘அசடன்’ என்று பெயர் வைத்தார். ‘வெகுளி’ என்று வைத்திருக்கலாமே, இன்னும் மென்மையாக, மிஷ்கினின் நல்ல குணத்துக்கு நெருக்கமாக இருந்திருக்குமே என்று ஒரு நண்பர் கேட்டார். அசடன்தான் சரி என்பது என் கட்சி. நாவலின் முதல் பாகத்திலேயே மிஷ்கின் தன்னைப் பற்றி யோசிக்கிறான்: எல்லாரும் என்னை அசடன் என்று நினைக்கிறார்கள்; ஒரு காலத்தில் வியாதியால் அப்படித்தான் கிட்டத்தட்ட இருந்தேன்; ஆனால் அவர்கள் அப்படி நினைக்கிறார்கள் என்று எனக்கே தெரிகிறபோது நான் என்ன அசடன்? அசடன் என்ற வார்த்தை இந்த யோசனையைத் தாங்குகிறது. அதைத் தன்மேல் போட்டுப் பார்க்கலாம், கழற்றியும் வைக்கலாம். வெகுளி என்று போட்டால் மிஷ்கின் இந்த வாக்கியத்தைச் சொல்லத் தொடங்கவே முடியாது; அவனுக்காக வேறு யாராவதுதான் சொல்ல வேண்டியிருக்கும்.